எழுபதுகளின் ராக் பாடல்களைக் கீழிருந்து மேலே கேட்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்ப் பாட்டில் வளர்ந்த காது, எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் குரலைத் தேடும்; குரல் கிடைத்ததும் சொற்களைத் தேடும். நம் திரைப்பாடல்களும் கீர்த்தனைகளும் அப்படிக் கேட்கப்படுவதற்காகவே அமைந்தவை என்பதால் இந்தப் பழக்கத்தில் தவறு ஏதுமில்லை. ஆனால் அதே பழக்கத்தோடு 1970களின் பிரிட்டிஷ், அமெரிக்க ராக் பாடல்களை அணுகுகிறவர்களில் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். பாடகர் கத்துவது போலவும், சொற்கள் பிடிபடாதது போலவும், கிட்டாரின் இரைச்சல் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது போலவும் தோன்ற, இரண்டாவது நிமிடத்திலேயே பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பாடல்களில் குரல் என்பது பல கருவிகளில் ஒன்று. பாட்டைத் தாங்கும் எலும்பு டிரம்ஸிலும், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரிலும் இருக்கிறது. ஆகவே தாளத்தில் தொடங்கி, பேஸ், கிட்டார், குரல் என்று மேலேறி, சொற்களுக்குக் கடைசியில் வந்து சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

ஏன் எழுபதுகள் என்ற கேள்விக்குத் தொழில்நுட்பம் சார்ந்த ஒரு பதில் உண்டு. 1967 வரைகூட லண்டனின் சிறந்த ஒலிப்பதிவுக்கூடங்களில் நான்கு தடங்கள் கொண்ட ஒலிநாடாவே புழக்கத்தில் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் அது எட்டாகி, பதினாறாகி, எழுபதுகளின் நடுவில் இருபத்துநான்கு தடங்களாக விரிந்தது. ஒவ்வொரு கருவியையும் தனித் தடத்தில் பதிந்து, வேண்டிய அளவுக்கு அடுக்கி, இடம் வலம் என்று பிரித்து வைக்க முடிந்தது. அதே காலத்தில் தனிப் பாடல்களைவிட நாற்பது நிமிட இசைத்தட்டு முக்கியமாகிவிட, எட்டு நிமிடப் பாடல் எழுதுவதும் இயல்பான செயலாயிற்று. இவ்வளவு நுணுக்கமாக அடுக்கப்பட்ட இசையைப் பின்னணியில் ஓடவிட்டுக் கேட்டால் அதில் பாதிகூடக் காதில் விழாது.

முதல் படி: கேட்கும் ஏற்பாடு

இந்தப் படி சிறியது; ஆனால் இதைத் தவிர்த்துவிட்டால் அடுத்த படிகள் பயன்தராது. கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் ஏறக்குறைய கேட்பதே இல்லை. கம்பி இணைப்புள்ள சாதாரண ஹெட்போன் போதும். அல்லது ஓரளவு பெரிய இரண்டு ஸ்பீக்கர்களை ஆளுயர இடைவெளியில் வைத்து, அவற்றோடு ஒரு முக்கோணம் அமையும்படி எதிரே உட்காருங்கள். பேஸைக் கூட்டிக் காட்டும் அமைப்புகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். பாடலைத் தேடும்போது ஆல்பத்தில் உள்ள முழு வடிவத்தையே எடுங்கள். வானொலிக்காகச் சுருக்கப்பட்ட வடிவங்களும், பிற்கால மேடைப் பதிவுகளும் அதே பெயரில் கிடைக்கும். கால அளவைப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பிற்காலத்தில் மறுபதிப்புச் செய்தபோது சில ஆல்பங்களின் ஒலியளவை ஒரே மட்டத்தில் உயர்த்திவிட்டார்கள். மென்மையான பகுதியும் உரத்த பகுதியும் சம அளவில் ஒலித்தால், அதே ஆல்பத்தின் பழைய பதிப்பைத் தேடுவது நல்லது. ஒலியின் அளவு, பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும்படி இருக்கட்டும். பல முறை திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறோம் என்பதால் காதைப் பாதுகாப்பதும் இந்த ஏற்பாட்டில் அடங்கும்.

இரண்டாம் படி: கருவிகளைப் பிரித்தறிதல்

தொடங்குவதற்கு டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாடலைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. கருவிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதே அதற்குக் காரணம்.

முதலில் ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் மட்டும் ஒலிக்கிறது. திரும்பத் திரும்ப வரும் இந்தச் சிறு சுரக் கோவைக்கு ரிஃப் என்று பெயர். ராக் இசையில் நம் பல்லவிக்கு இருக்கும் இடம் அதற்கு உண்டு. பிளாக்மோர் இரண்டு கம்பிகளை ஒரே சமயத்தில் விரல்களால் மீட்டுகிறார். அவற்றின் சுரங்கள் ஸவும் மவும் போல ஒன்றுக்கொன்று நான்காம் இடைவெளியில் நிற்பதால்தான் அந்த ரிஃப்புக்கு அத்தகைய கட்டையான, உறுதியான ஒலி கிடைக்கிறது. அடுத்து டிரம்ஸின் ஹை-ஹாட், அதாவது காலால் திறந்து மூடும் இரட்டைத் தாளத்தட்டு, மெல்லச் சேர்கிறது. அதோடு ஜான் லார்டின் ஆர்கன். அவர் தம் ஹேமண்ட் ஆர்கனைக் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து வாசித்தார் என்பதால், பலர் அதையும் இன்னொரு கிட்டார் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு முழு டிரம்ஸ், அதன்பின் ரோஜர் குளோவரின் பேஸ் கிட்டார், கடைசியில் இயன் கில்லனின் குரல்.

பயிற்சி இதுதான். முதல் முறை முழுப் பாடலையும் எதையும் யோசிக்காமல் கேளுங்கள். இரண்டாம் முறை டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸை மட்டும் தொடருங்கள். குரல் வந்த பிறகும் கவனம் குரலுக்குத் தாவாமல் டிரம்ஸிலேயே நிற்கட்டும். மூன்றாம் முறை பேஸ், நான்காம் முறை ஆர்கன். பேஸ் உள்ளே நுழையும் அந்த நொடியில், அதுவரை சுவரில் தொங்கிய படம் போல இருந்த ரிஃப் தரையில் கால் ஊன்றி நடக்கத் தொடங்குவதை உணர்ந்தீர்கள் என்றால் இந்தப் படி முடிந்துவிட்டது. உணரவில்லை என்றால் மறுநாள் மீண்டும் முயலுங்கள், அவசரம் இல்லை.

இந்தப் பாடல் சொல்லும் கதை நடந்த கதை. 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகரச் சூதாட்ட மன்றத்தில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, பார்வையாளர் ஒருவர் ஒளிச்சமிக்ஞைத் துப்பாக்கியால் (ஃபிளேர் கன்) மேலே சுட, கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. அங்கே ஆல்பம் பதிய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர், ஜெனீவா ஏரியின் மேல் புகை படர்வதைப் பார்த்தார்கள். இடமில்லாமல் வேறோர் அரங்கில் இந்தப் பாடலின் அடித்தளத்தைப் பதிந்துகொண்டிருந்தபோது, சத்தம் தாங்காத அக்கம்பக்கத்தாரின் புகாரால் காவல்துறை வந்து நிறுத்தியது. ஆல்பத்தின் மற்ற பாடல்களைக் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த ஒரு விடுதியில், வெளியே நிறுத்திய நடமாடும் ஒலிப்பதிவு வண்டியின் துணையோடு பதிந்து முடித்தார்கள். 1972 மார்ச்சில் 'மெஷின் ஹெட்' என்ற பெயரில் அது வெளிவந்தது.

மூன்றாம் படி: டிரம்ஸும் அது ஒலிக்கும் அறையும்

லெட் ஸெப்பெலின் குழுவின் 'வென் தி லெவீ பிரேக்ஸ்' 1971 நவம்பரில் வெளியான அவர்களுடைய நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாடல். ஏழு நிமிடம் நீள்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் கழிந்த பிறகே குரல் வருகிறது. முதல் தட்டிலிருந்தே ஜான் பான்ஹமின் டிரம்ஸ் ஏதோ ஒரு பெரிய மண்டபத்தின் தூண்களை மோதுவது போல ஒலிக்கும். அந்த ஒலி எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொண்டால், பாட்டை இன்னும் நெருங்கிக் கேட்கலாம்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஹெட்லி கிரேஞ்ச் என்றொரு பழைய மாளிகை உண்டு. 1795இல் ஏழைகளுக்கான வேலைவிடுதியாகக் கட்டப்பட்டது. அதன் கூடத்தில், மாடிப்படி வளைந்து மேலேறும் இடத்தின் அடியில் பான்ஹமின் டிரம்ஸ் வைக்கப்பட்டது. வழக்கப்படி ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே ஒரு மைக் வைப்பதற்குப் பதிலாக, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேல்மாடிப் படிக்கட்டிலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார். டிரம்மின் தோலில் விழும் அடியோடு, அந்த அடி சுவர்களில் மோதி மேலேறி வரும் எதிரொலியும் சேர்ந்து பதிவானது. அதாவது மாடிப்படியே அங்கே ஒரு கருவியாக வாசிக்கிறது. நம் கோயில் மண்டபத்தில் தவில் ஒலிப்பதற்கும், மூடிய சிறு அறையில் அதே தவில் ஒலிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேட்கும்போது இரண்டு ஒலிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். காலால் அடிக்கும் பெரிய டிரம் தாழ்ந்த ஒலி. ஸ்னேர் எனப்படும் சிறு டிரம் உரத்து வெடிக்கும் ஒலி. ராக் தாளத்தில் நான்கு எண்ணினால், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் விழும். நாம் இயல்பாக முதல் தட்டில் கை தட்டுகிறவர்கள். இங்கே இரண்டிலும் நான்கிலும் தட்டிப் பழகுங்கள். பத்து நிமிடப் பயிற்சியில் உடலே மாறிக்கொள்ளும். பிறகு பாடகர் ராபர்ட் பிளான்ட் ஊதும் ஹார்மோனிகாவைக் கவனியுங்கள்: அதன் எதிரொலி, ஒலிக்குப் பின்னால் வராமல் முன்னால் வருகிறது. ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓட்டி எதிரொலியைப் பதிந்த உத்தி அது.

இந்தப் பாட்டின் வேர் இங்கிலாந்தில் இல்லை. 1927இல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவுசெய்த புளூஸ் பாடல் அது. கரை உடைந்து வீடிழந்த கறுப்பின மக்களின் துயரம் அதில் இருக்கிறது. அந்த மூலப் பதிவும் எளிதாகக் கிடைக்கிறது. இரண்டு கிட்டார், ஒரு குரல், மூன்று நிமிடம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எழுபதுகளின் ராக் இசை எங்கிருந்து வந்தது, யாருக்குக் கடன்பட்டது என்பதை இந்த ஒரு ஒப்பீடு காட்டிவிடும். இந்தக் கடனைச் சொல்லாமல் இந்த இசையைப் புகழ்வது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

நான்காம் படி: விரலால் எண்ணுதல்

தாளம் போட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்தப் படி மகிழ்ச்சி தரும். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜர் வாட்டர்ஸின் பேஸ் ரிஃப் ஏழு எண்ணிக்கை கொண்டது. மேற்கத்திய வெகுமக்கள் இசையில் நான்கே வழக்கம் என்பதால் அங்குள்ளவர்களுக்கு இது தடுமாற்றம் தரும். மிச்ர சாபு கேட்டவர்களுக்கு ஏழு ஒன்றும் புதிதில்லை. தொடக்கத்தில் வரும் நாணயம், கிழியும் காகிதம், கல்லாப்பெட்டி ஆகிய ஒலிகளும் ஏழு துண்டுகளாக உள்ளவையே. ஒலிநாடாவை அளவுகோல் வைத்துச் சம நீளத்தில் வெட்டி, வளையமாக ஒட்டிச் சுழலவிட்டுச் செய்தார்கள். சாக்ஸபோன் தனி ஆவர்த்தனமும் ஏழிலேயே செல்கிறது. அடுத்து டேவிட் கில்மோரின் கிட்டார் தொடங்கும்போது தாளம் நான்குக்கு மாறும். முடிந்ததும் மீண்டும் ஏழு. மாறும் இடம் இரண்டையும் விரலால் எண்ணிப் பிடித்துவிட்டால், பாட்டின் வரைபடம் கைக்கு வந்துவிடும்.

அடுத்து லெட் ஸெப்பெலினின் 'காஷ்மீர்', 1975. இதில் பான்ஹமின் டிரம்ஸ் நேரான நான்கில் நடக்கிறது. மேலே ஏறிவரும் கிட்டாரும் வாத்தியக்குழுவும் மூன்று மூன்றாகச் செல்கின்றன. இரண்டும் பன்னிரண்டாவது எண்ணிக்கை முடிந்து ஒன்றாகச் சந்திக்கும். வலக்கையால் நான்கும் இடக்கையால் மூன்றும் போட்டுப் பார்த்து, சந்திக்கும் இடத்தில் வரும் நிறைவை அனுபவியுங்கள். பெயரில் காஷ்மீர் இருந்தாலும், பாட்டின் சொற்கள் மொராக்கோவின் தென்பகுதிப் பாலைவனச் சாலையில் சென்றபோது பிளான்டுக்குத் தோன்றியவை.

ஐந்தாம் படி: கிட்டாரின் கரடுமுரடான ஒலியைப் பழகுதல்

பலருக்கு இடறும் கல் இதுதான். வால்வு ஆம்ப்ளிஃபையரை அது தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் பல உண்டாகின்றன. சுரமும் நீண்ட நேரம் நின்று ஒலிக்கிறது. இதைப் பழுதென்று கருதாமல், நாகசுவரத்தின் சீவாளி தரும் காரத்தைப் போல ஒரு நிறம் என்று எடுத்துக்கொண்டால் காது விரைவில் பழகிவிடும்.

இதன் அழுத்தமான வடிவத்தைக் கேட்க, பர்மிங்ஹாமின் பிளாக் சபாத் குழுவிடம் செல்ல வேண்டும். அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலைபார்த்தபோது வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால், கம்பிகளை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டு, மெல்லிய கம்பிகளைப் பூட்டி, பின்னர் அவற்றின் சுருதியையும் தாழ்த்திக்கொண்டார். விரல் நோகாமல் வாசிக்க இந்தத் தாழ்த்தல் உதவியது; அதுவே பாட்டுக்குக் கனத்தையும் தந்தது. 1971இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் 'இன்டு தி வாய்ட்' பாடலில் அந்தத் தாழ்ந்த சுருதியின் எடையை நேரடியாக உணரலாம். ஒரு முறை கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்றால் கடந்து செல்லுங்கள். எல்லோருக்கும் இது உவப்பதில்லை.

ஆறாம் படி: நீண்ட பாடல்களின் கட்டுமானம்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். லெட் ஸெப்பெலினின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' எட்டு நிமிடம். எந்த நிமிடத்தில் எந்தக் கருவி சேர்கிறது என்று குறித்துக்கொண்டே கேளுங்கள். முதலில் தனிக் கிட்டாரும், ஜான் பால் ஜோன்ஸ் ஊதும் ரெக்கார்டர் என்ற மரக் குழல்களும், பிறகு குரல், பிறகு மின் கிட்டார்கள். நான்கு நிமிடத்துக்குப் பிறகே டிரம்ஸ் வரும். அவ்வளவு நேரம் பான்ஹம் காத்திருக்கிறார் என்பதுதான் பாட்டின் ரகசியம். அந்தக் காத்திருப்பால்தான் அவர் நுழையும்போது தரை நகர்கிறது. தாளத்தின் வேகமும் அறியாத அளவில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகிறது. தொடக்கத்துக் கால அளவுக்குத் தட்டிவைத்துக்கொண்டு, கடைசிப் பகுதியோடு ஒப்பிட்டால் இது புலப்படும். ஜிம்மி பேஜ் தம் கடைசித் தனி வாசிப்பை 1959ஆம் ஆண்டின் டெலிகாஸ்டர் கிட்டாரில், முன்கூட்டி எழுதிவைக்காமல், சில முறை வாசித்துப் பார்த்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்ஸடி', 1975, இன்னொரு வகைக் கட்டுமானம். 5 நிமிடம் 55 நொடி; ஐந்து பகுதிகள்; பல்லவி என்று திரும்ப வருவது எதுவும் இல்லை. பியானோவோடு மென்மையான பகுதி, கிட்டார், ஆப்பரா, கடும் ராக், மீண்டும் அமைதி. வேல்ஸ் நாட்டின் ராக்ஃபீல்டு கூடத்திலும் பிற கூடங்களிலும் பதிவான இதில், ஆப்பரா பகுதியில் கேட்கும் பெரும் கூட்டக் குரல் உண்மையில் மூவருடையது: ஃபிரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர். ஒரே ஒலிநாடாவில் திரும்பத் திரும்பப் பாடி அடுக்கியதால் நாடாவின் பூச்சு தேய்ந்து, வெளிச்சம் ஊடுருவும் நிலைக்கு வந்துவிட்டது. ஹெட்போனில் இந்தக் குரல்கள் இடமும் வலமுமாகத் தாவுவதைப் பின்தொடருங்கள். மிக உயர்ந்த குரல் டெய்லருடையது. அவர்தான் டிரம்ஸும் வாசிக்கிறார். கிட்டார் ஒலிக்கும் இடத்தில், பிரையன் மே தம் தந்தையோடு சேர்ந்து பழைய கணப்பு மேடையின் மரத்திலிருந்து செய்த கருவியைக் கேட்கிறீர்கள்; மீட்டுவதற்கு அவர் ஆறு பென்ஸ் நாணயத்தைப் பயன்படுத்தினார். ஸான்ஸிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளிப்படிப்பு படித்த மெர்க்குரி எழுதிய பாடல் இது. பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

ஏழாம் படி: தனி வாசிப்பைப் பின்தொடர்தல்

ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பலருக்கும் தெரிந்த பாட்டு. ஆனால் தெரிந்தவர்களில் பலர் அதன் கடைசி இரண்டு நிமிடத்தைச் சரியாகக் கேட்டதில்லை. தொடக்கத்தில் வரும் கிட்டாரில் எட்டு சுரக்கூட்டுகள், அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகள், வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் நான்கு எண்ணிக்கை. இந்தச் சுழற்சியை மனப்பாடம் ஆகும் வரை கேளுங்கள், ஏனென்றால் பாட்டின் முடிவில் வரும் தனி வாசிப்பு முழுவதும் இதே எட்டின் மேல்தான் நடக்கிறது. சுழற்சி தெரியாதவருக்கு அது விரல் வேகம் மட்டுமே. தெரிந்தவருக்கு, ராக ஆலாபனையில் அடுத்த சுரத்தை எதிர்பார்ப்பது போன்ற அனுபவம்.

முதலில் டான் ஃபெல்டர் வாசிக்கிறார். பிறகு ஜோ வால்ஷ். அடுத்து இருவரும் மாறி மாறிச் சிறு சொற்றொடர்களைப் பேசிக்கொள்கிறார்கள். இறுதியில் இருவரும் சேர்ந்து, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக, இறங்கும் சுரங்களை ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டே மறைகிறார்கள். ஃபெல்டரின் ஒலி சற்று வழவழப்பானது, வால்ஷின் ஒலி சற்றுக் கூர்மையானது. நாலைந்து முறைக்குப் பிறகு இருவரையும் பெயர்சொல்லி அடையாளம் காணலாம். மியாமியில் பதிவு நடந்தபோது, ஃபெல்டர் வீட்டில் முன்பு பதிந்துவைத்த மாதிரி நாடாவில் உள்ளபடியே வாசிக்க வேண்டும் என்று குழுவின் பாடகரும் டிரம்ஸ் கலைஞருமான டான் ஹென்லி வற்புறுத்தினார். நாடாவோ கலிஃபோர்னியாவில் இருந்தது. ஃபெல்டர் தம் வீட்டுப் பணிப்பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, நாடாவை ஓடவிடச் சொல்லிக் கேட்டு, மீண்டும் கற்றுக்கொண்டார். பாட்டின் நடுவே தோன்றிய மனோதர்மம் போல ஒலிக்கும் அந்த வாசிப்பு, சுரம் சுரமாக முன்பே தீர்மானிக்கப்பட்டது.

எட்டாம் படி: குரல்

இப்போதுதான் குரலுக்கு வருகிறோம். டேவிட் போவியின் 'ஹீரோஸ்', 1977. ஆறு நிமிட ஆல்ப வடிவத்தையே எடுங்கள், ஏனென்றால் மூன்றரை நிமிடச் சுருக்கத்தில் இந்தப் பாட்டின் ஏற்றம் காணாமல் போகிறது. பெர்லின் சுவருக்கு அருகிலிருந்த ஹான்ஸா கூடத்தின் பெரிய மண்டபத்தில் இது பதிவானது. தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி போவியின் முன்னே மூன்று மைக்குகளை வைத்தார்: ஒன்று ஒரு சாண் தொலைவில், ஒன்று ஏறத்தாழ 6 மீட்டரில், ஒன்று ஏறத்தாழ 15 மீட்டரில். தொலைவிலிருந்த இரண்டும், குரல் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டுமே திறந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஆகவே போவி தணிந்து பாடும்போது காதருகே பேசுவது போல இருக்கும். குரலை உயர்த்த உயர்த்த மண்டபம் முழுவதும் அவரைச் சுற்றித் திறந்துகொள்ளும். முதல் சரணத்தையும் கடைசிச் சரணத்தையும் ஒன்றையடுத்து ஒன்றாகக் கேட்டால், ஒரே மனிதர் அறையிலிருந்து வெட்டவெளிக்கு வந்தது போலத் தோன்றும். பின்னணியில் நீண்டு முனகும் ஒலி ராபர்ட் ஃபிரிப்பின் கிட்டார். எந்தத் தொலைவில் நின்றால் எந்தச் சுரம் தானாக ஒலித்துக்கொண்டே இருக்கும் என்று தரையில் குறித்துவைத்து, அந்த இடங்களில் நின்று வாசித்தார். சுவரின் நிழலில் முத்தமிடும் காதலர்களைப் பற்றிய இந்தப் பாட்டில் சொற்களைவிட அந்த மைக்குகள் அதிகம் பேசுகின்றன. எழுபதுகளின் குரல்பதிவுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான்.

ஒன்பதாம் படி: சொற்களும் சூழலும்

பாடல் வரிகளைப் படிப்பதற்கு முன் அவை எழுந்த சூழலைப் படியுங்கள். 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், வியட்நாம் போர் கம்போடியாவுக்கு விரிந்ததை எதிர்த்துக் கூடிய மாணவர்கள் மீது ஒஹையோ மாநிலத் தேசியக் காவல்படை சுட்டதில் நால்வர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். நீல் யங் அந்த நிழற்படங்களைப் பார்த்து எழுதிய 'ஒஹையோ' பாடலைக் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆகியோருடன் சேர்ந்து மே 21 அன்று பதிந்தார். ஜூன் மாதத்தில் அது வெளியாகிவிட்டது. பாட்டின் முடிவில் டேவிட் கிராஸ்பி உடைந்த குரலில் கதறுவது, நிகழ்ந்து மூன்று வாரம்கூட ஆகாத துயரத்தின் ஒலி.

சூழல் வீட்டுக்குள்ளும் இருக்கலாம். 1977இல் வெளிவந்த ஃபிளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' பதிவானபோது, குழுவிலிருந்த ஜான் மெக்வீயும் கிறிஸ்டீன் மெக்வீயும் மணமுறிவில் இருந்தார்கள். லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்துகொண்டிருந்தார்கள். பக்கிங்ஹாம் எழுதிய 'கோ யுவர் ஓன் வே' பிரிவைக் கோபத்தோடு சொல்கிறது. நிக்ஸ் எழுதிய 'ட்ரீம்ஸ்' அதே பிரிவைத் தணிந்த குரலில் சொல்கிறது. தம்மைக் குறைசொல்லும் பாட்டுக்கு நிக்ஸ் துணைக்குரல் பாடுகிறார். தம்மைப் பற்றிய பாட்டுக்குப் பக்கிங்ஹாம் கிட்டார் வாசிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, பிறகு வரிகளைப் படியுங்கள். 'ட்ரீம்ஸ்' ஏறக்குறைய முழுவதும் இரண்டே சுரக்கூட்டுகளில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் படியில் பழகிய காது, அதைத் தாங்குவது பேஸும் டிரம்ஸும் என்று இப்போது தானே சொல்லிவிடும்.

பத்தாம் படி: ஒரு முழு ஆல்பம்

கடைசியாக, 1973 மார்ச்சில் வெளிவந்த பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. 43 நிமிடம்; லண்டனின் ஆபி ரோடு கூடத்தில், ஆலன் பார்சன்ஸ் ஒலிப்பதிவாளராக இருந்து பதிந்தது. விளக்கைத் தணித்து, கைபேசியைத் தொலைவில் வைத்துவிட்டு உட்காருங்கள். பாடல்களுக்கு இடையே நொடிப்பொழுது இடைவெளி விடும் அமைப்பு உங்கள் செயலியில் இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். இங்கே ஒரு பாடல் அடுத்ததற்குள் நேராகக் கரைகிறது. தொடக்கத்தில் கேட்கும் இதயத் துடிப்பு, நிக் மேஸன் மெத்தென்று பொதிந்த டிரம்மில் வாசித்தது. இடையிடையே கேட்கும் பேச்சுகள், மரணம், வன்முறை, பைத்தியம் பற்றி வாட்டர்ஸ் அட்டைகளில் எழுதிக் கேட்ட கேள்விகளுக்குக் கூடத்திலிருந்தவர்கள் சொன்ன பதில்கள். அவர்களுள் ஆபி ரோட்டின் வாயிற்காவலரும் ஒருவர்.

இசைத்தட்டின் முதல் பக்கத்தின் கடைசிப் பாடலான 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் பாடப்படும் சொற்களே இல்லை. ரிக் ரைட்டின் பியானோவின் மேல் கிளேர் டோரி என்ற பாடகி, மரணத்தை எண்ணிப் பாடும்படி சொல்லப்பட்டு, குரலை மட்டுமே கொண்டு எழுகிறார், அலறுகிறார், தணிகிறார். அந்த அமர்வுக்கு அவர் பெற்றது 30 பவுண்டு. பல ஆண்டுகள் கழித்து வழக்குத் தொடுத்த பிறகே இசையமைப்பில் பங்கு உடையவராக அவர் பெயர் சேர்க்கப்பட்டது. குரல் கருவியாவது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் நான் கேட்டதில்லை.

அந்தப் பாடல் முடிந்ததும் நிறுத்துங்கள். 1973இல் இதை வாங்கியவர்கள் இங்கே எழுந்து சென்று இசைத்தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. ஆல்பம் அந்த இடைவெளியை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. அரை நிமிடம் அமைதியாக இருங்கள். பிறகு மீண்டும் ஓடவிட்டால், நான்காம் படியில் விரலால் எண்ணிய அதே கல்லாப்பெட்டி, ஏழு ஏழாக, அந்த அமைதிக்குள் ஒலிக்கத் தொடங்கும். இந்த முறை எண்ண வேண்டாம். ஆல்பத்தின் முடிவில் இதயத் துடிப்பு திரும்ப வரும். அது முழுவதும் ஓய்கிற வரை ஹெட்போனைக் கழற்றாதீர்கள்.